முப்பத்தோராம் பக்கத்து விரல்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, சொனாட்டா புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தில், மேல்வரியின் நடுவில் இருந்த ஒரு சுரத்தின் தலைக்கு மேலே பென்சிலால் 6 என்று எழுதியிருந்ததை ஹெட்விக் பார்த்தாள்.

பியானோ வாசிக்கிறவர்களுக்கு ஐந்தோடு எண் முடிந்துவிடும். கட்டைவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று பென்சிலால் குறித்துக்கொள்வது அவர்களுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. குறித்து, நூறு தடவை அதன்படி வாசித்துவிட்டால் பிறகு யோசனையே வேண்டாம். கண் எண்ணைப் பார்க்கும், விரல் போய்விடும், மூளைக்குச் சேதி அப்புறம்தான் போகும். நாற்பத்தாறு வருஷமாக ஹெட்விக் அப்படி எண் எழுதிவருகிறாள். ஆறு எழுதியதில்லை. எழுதி என்ன செய்வது, கைக்கு ஐந்துதானே.

ஆனால் எழுத்து அவளுடையது. வாலை வளைக்காமல் குச்சி மாதிரி நேரே இழுத்து, வயிற்றை மட்டும் சின்னதாகச் சுழித்து எழுதும் ஆறு. மருந்துச் சீட்டில் தேதி போட்டாலும் அவளுக்கு அப்படித்தான் வரும். இது எண்ணா, தலைப்பிரட்டையா என்று அவள் கணவன் காஷ்பார் கேலி செய்வான்.

அந்த இடத்தில் இருக்க வேண்டியது 4. மோதிரவிரல். அங்கேதான் அவளுக்குச் சிக்கலே இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அவளுடைய வலக்கை மோதிரவிரல் தன்னிஷ்டத்துக்கு மடங்க ஆரம்பித்தது. ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது மடங்காது, பொத்தான் போடும்போது மடங்காது, பியானோக் கட்டையில் வைத்தால் மட்டும் சுருண்டு உள்ளங்கைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். வைத்தியர்கள் அதற்கு நீளமான பெயர் வைத்திருந்தார்கள், மருந்து வைத்திருக்கவில்லை. வெளியில் மணிக்கட்டுச் சுளுக்கு என்று சொல்லிவைத்திருந்தாள். செபெஷி ஹெட்விக்கின் விரல் மடங்குகிறது என்று தெரிந்தால் அன்று சாயங்காலத்துக்குள் நாலாம் நம்பர் டிராமில் நிற்கிறவர்கள்வரை உச்சுக்கொட்டுவார்கள். புடாபெஸ்டில் உச்சுக்கொட்டுவதற்கு என்றைக்கும் ஆள் பஞ்சமில்லை. இரண்டு தடவை கச்சேரிக்குத் தேதி கொடுத்து, இரண்டு தடவையும் கடைசி வாரத்தில் ரத்து செய்தாயிற்று. மூன்றாவது, இன்னும் பதினெட்டு நாளில், ஒரு சனிக்கிழமை. அரங்க நிர்வாகி போனில் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். இனி நான்காவது தேதி கிடையாது என்பது அந்த மரியாதைக்குள்ளேயே இருந்தது.

கை தவறி எழுதியிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரப்பரை எடுத்தாள். எடுத்தவள், அழிப்பதற்கு முன் அந்த ஒரு வரியை வாசித்துப் பார்த்தாள். ஏன் வாசித்தாள் என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. எண் எழுதியிருந்தது, வாசித்தாள்.

அந்தச் சுரம் ஒலித்தது.

அது வலக்கையின் நடுவே ஒளிந்து வரும் மெதுவான மெட்டு. மேலே சுண்டுவிரல் ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டிருக்க, கீழே கட்டைவிரல் பிடித்துக்கொண்டிருக்க, இடையில் மோதிரவிரல் ஒன்றுதான் பாட வேண்டும். மூன்று வருஷமாக அந்த இடம் வாயில் பல் போன மாதிரி ஓட்டையாக இருந்தது. இன்றைக்கு ஒலி வந்தது, உருண்டையாக, அவசரமில்லாமல், ஒரு மயிரிழை தாமதமாக. வருவதற்கு முன்னால் கட்டைமேல் நகம் பட்டதுபோல் சின்னதாக ஒரு டிக். குனிந்து பார்த்தாள். அவள் மோதிரவிரல் எப்போதும்போல் உள்ளே சுருண்டு கிடந்தது.

கையையே பார்த்துக்கொண்டு மறுபடி வாசித்தாள். ஒலி இல்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்தாள்.

டிக். ஒலி.

அவள் ரப்பரைப் பியானோ மூடிமேல் வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சமையலறையில் தண்ணீர் குடித்தாள். பயந்தாள் என்பது உண்மை. பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதைச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. சந்தோஷம்.

காஷ்பார் ஆறு மணிக்குப் பொகாச்சா ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தான். பல் வைத்தியர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுப்பது அவன் தொழில். சட்டையெல்லாம் வெள்ளைத் தூள், மேலே பிளாஸ்டர் வாசனை.

"படிக்கட்டுலயே நின்னுட்டேன் ஹேடி. முப்பத்தொண்ணாம் பக்கம்தானே அது? நீதானா வாசிச்சே?"

"பின்னே யாரு, உன் பல்லா வாசிச்சுது?"

"கோவிச்சுக்காதே. எனக்குப் பல்லு செய்யத்தான் தெரியும். விரல் செய்யத் தெரிஞ்சிருந்தா எப்பவோ ஒண்ணு செஞ்சு மாட்டிவிட்டிருப்பேன்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி. புத்தகத்தை அவனிடம் காட்டலாம் என்று நினைத்துப் பொகாச்சாவைத் தட்டில் அடுக்கினாள். காட்டினால் ஒன்று அவன் அவளைப் பைத்தியம் என்று நினைப்பான், அல்லது நம்புவான். நம்பினால் நிறுத்தச் சொல்வான். அதனால் காட்டவில்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டு ஆறுகள் இருந்தன. இருபதாம் பக்கத்தில் ஒன்று. எல்லாம் மோதிரவிரல் விழ வேண்டிய இடம். வீட்டிலிருந்த பென்சில்களை எல்லாம் பொறுக்கி, கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதினொரு ஆறு ஆகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சொனாட்டாவை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிறுத்தாமல் வாசித்தாள், மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. வாசித்து முடித்ததும் உள்முற்றத்தைச் சுற்றி ஓடும் நடைபாதையில் யாரோ கைதட்டினார்கள். அறைக்குள் ஈரக் கம்பளியும் குளிர்ந்த இரும்பும் கலந்த வாசனை இருந்தது, ரொம்ப நாள் திறக்காத நிலவறைக் கதவைத் திறந்தால் வருமே, அப்படி. ஜன்னலைத் திறந்துவைத்தாள். நவம்பர்க் குளிர் உள்ளே வந்தது, வாசனை போகவில்லை.

திங்கட்கிழமை லிஃப்டில் மேல்வீட்டு யோலான் அத்தை மாட்டினாள். எழுபத்தெட்டு வயது, கையில் நாய், வாயில் ஊர்ச் சேதி.

"ஹெட்விக் கண்ணு, மணிக்கட்டு தேவலையாயிட்டுதாமே! கேட்டுட்டுதான் இருக்கேன். நல்லா இருக்கு, குறையே சொல்ல முடியாது. கூட வாசிக்கிறது யாரு?"

"கூடவா? நான் மட்டும்தான், யோலான் அத்தை."

"எங்கிட்டயா? அறுபது வருஷமா இந்தக் கட்டடத்துல பியானோ கேக்கறவ நான். ரெண்டு கை வாசிச்சா தெரியாதா, நாலு கை வாசிச்சா தெரியாதா?" கிழவி கண்ணைச் சிமிட்டினாள். "காஷ்பார்கிட்ட சொல்ல மாட்டேன், போ. யாரா இருந்தாலும், அவங்க வாசிப்பு உன்னோடதைவிடக் கொஞ்சம் உசத்திதான். தப்பா எடுத்துக்காதே."

நாய் ஹெட்விக்கின் வலக்கையை மோந்துபார்க்கக் கழுத்தை நீட்டியது. நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டு, கிழவியின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. லிஃப்ட் தரைக்கு வரும்வரை அது அப்படியே நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்றிரவு தூக்கமில்லை. அழித்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

புதன்கிழமை காலை எல்லா ஆறுகளையும் அழித்தாள். ரப்பர்த் துகளை ஊதித் தள்ளிவிட்டு, அந்தந்த இடத்தில் 4 என்று எழுதினாள், நிதானமாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பென்சிலை மறுபடி அலமாரியில் பூட்டிவிட்டு வாசித்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில் மோதிரவிரல் சுருண்டது. அது எதிர்பார்த்ததுதான். கூடவே சுண்டுவிரலும் சுருண்டது. கையை உதறிவிட்டு மறுபடி தொடங்கினாள். நடுவிரலும் சுருண்டது. கட்டைவிரலும் ஆள்காட்டியும் மட்டும் கொடுக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்க, மற்ற மூன்றும் உள்ளங்கைக்குள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடந்தன. இடக்கையால் அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கட்டைமேல் வைத்தாள். வைத்ததும் சுருண்டன. பூனைக்குட்டிகளைக் கூடையில் வைக்கிற மாதிரி வைத்து வைத்துப் பார்த்தாள். அப்புறம் அழுதாள். ஐம்பத்துநாலு வயசுப் பெண்மணி, மூன்று நாட்டு மேடைகளில் பூச்செண்டு வாங்கியவள், பியானோ மூடிமேல் நெற்றியை முட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

கச்சேரிக்கு இன்னும் பத்து நாள். இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கடைசிப் பத்து நாளில் விரலை மாற்றக் கூடாது. தப்பான விரலாக இருந்தாலும் கை பழகிய விரல்தான் மேடையில் காப்பாற்றும். கடைசி நேரத்தில் எண்ணை மாற்றுகிறவர்கள் நடு மேடையில் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஹெட்விக் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறாள். இப்போது தனக்கும் சொல்லிக்கொண்டாள். காரணம் கிடைத்தால் போதும் என்று இருந்தவளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

கழுத்துச் சாவியால் அலமாரியைத் திறந்து பென்சிலை எடுத்துவந்தாள். நாலுகளை அழித்தாள். முதல் ஆறை அவளே எழுதினாள். இதுவரை எழுதியது யாராகவும் இருக்கலாம். இது அவள், தன் கையால், தெரிந்தே எழுதியது. இரண்டாவதை எழுதும்போது பென்சில் அவள் கையைவிடக் கொஞ்சம் முன்னால் போனது.

வெள்ளிக்கிழமை முதல் ஏழு வந்தது.

அதற்குப் பிறகு அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். ஏழும் எட்டும் வந்தன, இடக்கை வரிசையிலும் வந்தன. அவளுடைய வாசிப்பு நாளுக்கு நாள் மெருகேறியது. சில இடங்களில் கட்டைகளின் தாழ்வு அவள் விரலுக்கு அரை நொடி முந்தியது. விரல் போய்ச் சேரும்போது கட்டை ஏற்கெனவே கீழே இருக்கும், அப்போதுதான் எழுந்துபோனவர் நாற்காலி மாதிரி. ஆனால் சூடாக இல்லை. சில்லென்று இருந்தது.

"நிறுத்திடலாமே ஹேடி," என்றான் காஷ்பார் திங்கட்கிழமை, மேஜைக்கு எதிரே உட்கார்ந்து. அவள் தட்டில் சூப் ஆறிப்போயிருந்தது. "பத்து நாள்ல எத்தனை கிலோ குறைஞ்சிருக்கே தெரியுமா? என்னமோ சரியில்லே. நீ வாசிக்கறப்போ அந்த அறைக்குள்ள வர எனக்குப் பிடிக்கலே. ஏன்னு கேக்காதே, தெரியலே. வாசிக்காட்டி என்ன, செத்தாபோயிடுவே?"

"ஆமா."

அவன் கரண்டியை வைத்துவிட்டான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவனுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை சுருதி சேர்க்க அம்ப்ருஷ் மாமா வந்தார். வாசலிலேயே தொப்பியைக் கழற்றி, "கைக்கு முத்தம், கலைஞரம்மா," என்றார், முப்பது வருஷமாகச் சொல்வதுபோல. சொல்வது மட்டுமில்லை, பழைய காலத்து மனுஷர், குனிந்து வலக்கையை எடுத்து உதட்டருகே கொண்டுபோவார். வாயில் எப்போதும் ஏதாவது ஜோக் இருக்கும்.

"பியானோ கெட்டுப்போச்சா, நீங்க கெட்டுப்போனீங்களா? ரெண்டுல எதை முறுக்கணும்னு சொல்லிடுங்க."

அவர் வேலை செய்யும்போது அவள் பக்கத்து அறையில் இருந்தாள். ஒரே சுரம் திரும்பத் திரும்ப ஒலித்தது, கம்பி முறுகும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"கலைஞரம்மா, கொஞ்சம் வாங்க."

அவர் கைவிளக்கைக் கட்டைகளுக்கு மேலே சாய்த்துப் பிடித்திருந்தார். வெள்ளைக் கட்டைகளின் மேல் மெல்லிய கீறல்கள், மயிர் கனத்தில், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக.

"நகம்," என்றார். "நீங்க நகத்தை ஒட்ட வெட்டறவங்க. முப்பது வருஷத்துல உங்க பியானோல ஒரு கீறல் பாத்ததில்லே."

"யாராவது குழந்தைங்க வந்து..."

"வாசிக்கறவங்க நகம் பட்டா கட்டை நுனியில படும். நம்ம பக்கத்துல." அவர் விரலால் தொடாமல் காட்டினார். "இது பாருங்க, மூடிக்கு அடியிலேருந்து ஆரம்பிக்குது. கட்டைக்குப் பின்னால வெச்சிருக்கற கம்பளித் துணி இடுக்குலேருந்து. அங்கேருந்து நம்ம பக்கமா வருது."

அவர் மூடியைக் கழற்றி உள்ளே விளக்கடித்தார். சுத்தியல்கள், கம்பிகள், தூசு. வேறொன்றும் இல்லை. மறுபடி மாட்டினார். கருவிகளைப் பையில் போடும்போது ஒன்று கீழே விழுந்தது, அவர் அதை எடுக்கவில்லை. வாசலில் ஹெட்விக் வழக்கம்போல் கையை நீட்டினாள். அம்ப்ருஷ் மாமா அந்தக் கையைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, "வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். லிஃப்டுக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை.

அவமானமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. ஆனால் கதவைச் சாத்திவிட்டு அவள் நினைத்தது இதுதான்: அரங்கத்தில் இருப்பது வேறு பியானோ. கூட வாசிக்கிற அது இங்கேயே இருந்துவிட்டால்?

சனிக்கிழமை காலை மேடை ஒத்திகையில் அவள் சின்ன உருப்படிகள் இரண்டை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டாள். சொனாட்டாவைத் தொடத் தைரியம் வரவில்லை. மாலை ஏழரைக்கு எண்ணூறு இருக்கையும் நிறைந்திருந்தது. ஏழாம் வரிசையில், இடப்பக்கம், வாசிப்பவர் கை தெரியும் நல்ல இடத்தில் காஷ்பார் உட்கார்ந்திருந்தான், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில்.

முதல் பாதியில் விரலுக்கு வேலை வைக்காத சிறு பாட்டுகள். ஏமாற்றி ஓட்டினாள். மூன்று வருஷம் அவள் கற்றுக்கொண்ட வித்தையே அந்த ஏமாற்றுதான். இடைவேளையில் நிர்வாகி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நல்லபடியா முடியணும்னு நாங்க எல்லாம் உங்களுக்காக விரலைக் கோத்துக்கிட்டு உக்காந்திருக்கோம், கலைஞரம்மா," என்றார். பிறகு சொனாட்டா.

மேடைப் பியானோ கறுப்பு. மனப்பாடமாக வாசிப்பதால் புத்தகத் தாங்கியை எடுத்துவிட்டிருந்தார்கள்; சுரங்களோடு எண்களும் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தன. கட்டைகளுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் மூடி கண்ணாடியாக மெருகேற்றியிருந்தது. அவள் வீட்டுப் பியானோ புகையேறி மங்கிய வாதுமை மரம், அதில் ஒன்றும் தெரியாது. இதில் எல்லாம் தெரிந்தது. வெள்ளைக் கட்டைகள், அவள் கறுப்புச் சட்டையின் முன்பக்கம், எதிரே அவளை நோக்கி வந்து அவள் விரல்நுனிகளைத் தொட்டுத் தொட்டுப் போகும் அவளுடைய இரண்டு கைகளின் நிழலுரு. மேடையில் வாசிக்கிறவர்களுக்கு இது சின்ன வயதிலிருந்து பழகிய காட்சி; யாரும் கவனிப்பதே இல்லை.

முதல் பத்துப் பக்கம் அவள் கவனிக்கவில்லை. விளக்குகளின் சூடு முதுகில் பட்டது, யாரோ இருமினார்கள், மேலே மாடத்தில் ஒரு நாற்காலி முனகியது, அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில் இசை நல்ல நீரோட்டமாகப் போய்க்கொண்டிருந்தது, பன்னிரண்டாம் பக்கம் நெருங்க நெருங்க அவளுடைய காது மட்டும் இசையை விட்டுவிட்டு வேறு எதற்கோ காத்திருந்தது.

டிக்.

வந்துவிட்டது. நிம்மதியில் அவளுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு நிமிர்ந்து மூடியைப் பார்த்தாள்.

கறுப்புக்குள்ளே அவள் வலக்கை தெரிந்தது. மோதிரவிரல் உள்ளே சுருண்டிருந்தது. அது விட்ட இடைவெளியில் இன்னொரு விரல் இருந்தது. நீளமானது. வெளுத்தது. கணு ஒன்று கூடுதலாக இருந்தது. மூடிக்குள்ளிருந்து நீண்டு, மூடிக்குள் தெரிந்த கட்டையை அழுத்தியது. இந்தப் பக்கம் அந்தக் கட்டை தானாகத் தாழ்ந்தது. நேரே குனிந்து கையைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. நிமிர்ந்தால் இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டாள். பதினைந்தாம் பக்கம். பதினெட்டு. மூடிய கண்ணுக்குள் எண்கள் தெரிந்தன, தலைப்பிரட்டைகள், ஆறு, ஏழு, எட்டு. அவை வரும் இடத்துக்கெல்லாம் டிக், டிக். இடப்பக்கமும் டிக். கண்ணைத் திறந்தாள்.

இரண்டு முழுக் கைகள்.

அவளுடைய நிழலுரு அல்ல. அவளுடையது மங்கலாக அடியில் கிடந்தது. அதன்மேல் அந்தக் கைகள் எதிரில் உட்கார்ந்து வாசிப்பவரின் கைகள்போல் நீண்டிருந்தன, மணிக்கட்டுவரை. அதற்குப் பின்னால் கறுப்பு.

முப்பத்தோராம் பக்கம்.

எடுத்துவிடலாம். அவ்வளவுதான் செய்ய வேண்டும். கையைக் கட்டையிலிருந்து எடுத்தால் இசை நிற்கும். எண்ணூறு பேர் பார்ப்பார்கள். நாளை ஊர் பேசும். இனி மேடை கிடையாது. காஷ்பார் கோட்டைப் போர்த்தி வீட்டுக்குக் கூட்டிப்போவான். சூப் இருக்கும். உயிரோடு இருப்பாள்.

எடுத்தாள். கடவுளே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, இரண்டு கையையும் எடுத்துவிட்டாள்.

இசை நிற்கவில்லை.

கட்டைகள் தாழ்ந்தன, எழுந்தன. நடுவே ஒளிந்து வரும் அந்த மெட்டு, அவள் வாழ்நாளில் ஒருதடவைகூட வாசித்திராத அழகோடு, சபைக்குள் போனது. எண்ணூறு பேரில் ஒருவர்கூட மூச்சுவிடவில்லை. யாரோ ஒரு பெண் விம்மினாள். ஹெட்விக் தன் கைகளை அந்தரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம், யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று, அவற்றைக் கட்டைகளுக்கு ஓர் அங்குலம் மேலே கொண்டுபோய், வாசிப்பதுபோல் ஆட்டத் தொடங்கினாள். பயத்துக்கு நடுவிலும் அந்த வெட்கம் அவளைச் சுட்டது.

கடைசிச் சுரம். அமைதி.

பிறகு கைத்தட்டல், கூரை பிய்ந்து விழுவதுபோல. கத்தினார்கள். எழுந்து நின்றார்கள். தனித்தனியாகத் தட்டியவை கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றோடொன்று சேர்ந்து, எண்ணூறு பேரும் ஒரே அடியாக, தட், தட், தட் என்று தட்டத் தொடங்கினார்கள். இந்த ஊர்ச் சபை இப்படித் தட்டினால் இன்னொன்று வாசிக்காமல் விடாது. முப்பது வயதில் இந்த ஒலியைக் கேட்பதற்காகவே அவள் பிள்ளை பெறாமல் இருந்தாள்.

அவள் கைகளை மடியில் வைத்தாள். இரண்டும் மூடிக்கொண்டன. ஒரு விரல் பாக்கியில்லாமல் பத்தும் சுருண்டு இறுகின.

மூடிக்குள் அந்த விரல்கள் போகவில்லை. கட்டைகள்மேல் விரிந்து படுத்திருந்தன. காத்திருந்தன.

ஏழாம் வரிசையில் எல்லாரும் நின்றார்கள். ஒருவன் மட்டும் தட்டவில்லை. காஷ்பார் இரண்டு கையாலும் முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் அந்தரத்தில் கையை ஆட்டியதை அவன் பார்த்திருந்தான். அவன் பார்வை இப்போது அவள் மடியில் இல்லை, பியானோவில் இருந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். வாய் அசைந்தது. அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. வேண்டாம் ஹேடி. வந்துடு.

தட். தட். தட்.

ஹெட்விக் அவனைப் பார்த்தாள். எழுந்தால் போதும். பத்தடி நடந்தால் படி.

அவள் மூடியின் பக்கம் திரும்பினாள். தலையசைத்தாள்.

சபை சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில் முதல் சுரம் ஒலித்தது, அவள் படித்தே இராத ஏதோ ஒரு பாட்டு. விரல்கள் மெருகைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தன. மணிக்கட்டு வந்தது. ஈரமான வெளுத்த முழங்கை வந்தது. இரண்டு முழங்கைக்கும் நடுவே கறுப்பு மரம் மெல்லப் புடைத்தது, உள்ளேயிருந்து ஒரு நெற்றி அழுத்துவதுபோல.

ஹெட்விக் அதற்கு இடம்விட்டு இருக்கையில் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.